லாரியில் ஒரு சீக்கியச் சிப்பாய்: போர்ப் படங்களும் நிறத்தின் கணக்கும்

'1917' படத்தில் சேற்றில் மாட்டிக்கொண்ட ராணுவ லாரியைச் சிப்பாய்கள் இறங்கித் தள்ளுகிற காட்சி ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கியரும் இருப்பார். திரையில் அவர் வருவது சில நிமிடங்கள்தான். 2020 ஜனவரியில் படம் பிரிட்டனில் ஓடிக்கொண்டிருந்தபோது, அந்த நாட்டு நடிகர் ஒருவர் இந்தப் பாத்திரத்தைக் காட்டி, பன்முகத்தன்மையை வலிந்து திணிக்கிறார்கள் என்ற பாணியில் பேசிவிட்டார். அவ்வளவுதான், சர்ச்சை கிளம்பியது. முதல் உலகப் போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள், 70,000 பேருக்கு மேல் செத்தார்கள் என்ற கணக்கை எல்லோரும் எடுத்துப் போட்டார்கள். கடைசியில் அவர் சீக்கியர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

அந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் கேட்டது ஒரே கேள்விதான்: அங்கே இந்தியர் இருந்தாரா, இல்லையா? இருந்தார். 1914 செப்டம்பர் கடைசியில் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கத் தொடங்கிய இந்தியக் காலாட்படை, அடுத்த ஓராண்டுக்கு மேல் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் பதுங்குகுழிகளில் கிடந்தது. 1915 முடியும் நேரத்தில் அதை மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, அனுப்பிவிட்டார்கள். குதிரைப்படை மட்டும் 1918 தொடக்கம்வரை பிரான்ஸிலேயே இருந்தது. படத்தின் கதை நடப்பது 1917 ஏப்ரல் 6. அன்றைக்கு பிரான்ஸில் ஒரு சீக்கியர் இருந்ததில் வியப்பு எதுவும் இல்லை.

வியப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அவர் தன்னந்தனியாக, பிரிட்டிஷ் காலாட்படையின் லாரியில், வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு தோள் உரசி உட்கார்ந்து பேசிக்கொண்டு போகிறாரே, அதுதான். இந்தியச் சிப்பாய்க்குத் தனி ரெஜிமென்ட், தனிச் சமையல், தனி அதிகாரி வரிசை. இருபது வருஷம் சர்வீஸ் போட்ட சுபேதார் மேஜர்கூட நேற்று வந்து சேர்ந்த வெள்ளைக்கார செகண்ட் லெப்டினன்ட்டுக்குக் கீழேதான். காயம்பட்ட இந்தியர்களுக்காக இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் அரண்மனையையே மருத்துவமனையாக மாற்றினார்கள். இந்துவுக்கு ஒரு குழாய், முஸ்லிமுக்கு ஒரு குழாய், சாதி சமயம் பார்த்து ஒன்பது சமையற்கட்டுகள் என்று ஏற்பாடுகள் பிரமாதம். அதே ஊரில் இன்னொரு இந்திய மருத்துவமனையைச் சுற்றி முள்வேலி போட்டு, உள்ளே இருந்தவர்கள் ஊருக்குள் சுற்றாமல் காவல் வைத்தார்கள். வெள்ளைக்காரச் செவிலியர் இந்திய நோயாளிகளுக்கு நேரடியாகப் பணிவிடை செய்வதற்கும் தடை வந்தது. அக்கறையும் அவமானமும் ஒரே நிர்வாகத்தின் ஒரே கோப்பிலிருந்து வந்தவை. '1917' அந்தச் சீக்கியரைக் கொண்டுவந்தது சரி. அவரைச் சுற்றியிருந்த வேலியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொண்டுவந்தது.

எனக்குப் போர்ப் படங்கள் பிடிக்கும். ஆனால் அவற்றில் நிறம் பற்றிய விவாதம் வரும்போதெல்லாம் தலை எண்ணுவதோடு நின்றுவிடுகிறோம். எந்த வேலை கொடுத்தார்கள், யாருடைய கட்டளைக்குக் கீழே வைத்தார்கள், எந்தப் பதவிக்கு மேல் போகவிடவில்லை என்று கேட்க ஆரம்பித்தால், படத்தின் பொய் நாம் தேடிய இடத்தில் இருக்காது.

அதற்காக, விதி இப்படி, ஆகவே ஒருவரும் இருந்திருக்க மாட்டார் என்றும் அடித்துப் பேச முடியாது. பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாக ஐரோப்பிய வம்சாவளி வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த விதி இருக்கும்போதே, டாட்டன்ஹாம் அணிக்குக் கால்பந்து ஆடிய வால்டர் டல் என்ற கறுப்பினத்தவர் மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டில் அதிகாரியாகி, வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கி, 1918 மார்ச்சில் பிரான்ஸில் உயிரை விட்டார். விதிவிலக்கைக் காட்டலாம், தப்பில்லை. அது விதிவிலக்கு என்பதும் பார்ப்பவருக்குத் தெரிந்தால் போதும்.

'டன்கிர்க்' படத்தின் மேல் வந்த புகார் இதற்கு நேர் எதிரானது: யாரையும் திணிக்கவில்லை, இருந்தவரை விட்டுவிட்டார்கள். 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை, ஜெர்மானியர் சுற்றிவளைத்த அந்தப் பிரெஞ்சுக் கடற்கரையிலிருந்து நேச நாட்டுச் சிப்பாய்கள் 3,38,000 பேரைக் கப்பலேற்றினார்கள். பிரான்ஸில் இருந்த பிரிட்டிஷ் படையோடு இந்திய ராணுவத்தின் நான்கு கோவேறு கழுதைக் கம்பெனிகளும் இருந்தன. பிரிட்டன் தன் ராணுவத்தை மோட்டார்மயமாக்கிவிட்டு, சேற்றிலும் பனியிலும் சாமான் தூக்க மிருகங்கள் இல்லாமல் திண்டாடி, இந்தியாவிடம் கேட்டு வாங்கிய ஆட்கள் அவர்கள். பெரும்பாலும் பஞ்சாப் முஸ்லிம்கள். ஒரு கம்பெனி ஜெர்மானியரிடம் பிடிபட்டது. மற்றவர்கள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். கழுதைகளை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

சரி, மூன்றே மூன்று கதைகளை வைத்துக்கொண்டு ஓடுகிற படத்தில் இவர்களைக் காட்டியே தீர வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு திரைக்கதை எல்லோரையும் சுமக்க முடியாது. ஆனால் டன்கிர்க்குக்குக் கொஞ்சம் தெற்கே, லில் நகரில் நடந்ததை மறந்துவிட்டு டன்கிர்க்கின் கதையையே சொல்ல முடியாது. மே கடைசியில் அங்கே சுற்றிவளைக்கப்பட்ட பிரெஞ்சுப் படை நான்கு நாள் விடாமல் சண்டை போட்டு, பல ஜெர்மன் டிவிஷன்களை அங்கேயே கட்டிப்போட்டது. அந்தப் படையின் முக்கியமான பகுதி மொராக்கோ டிவிஷனும் வட ஆப்பிரிக்க டிவிஷன்களும். சரணடைந்தபோது ஜெர்மானியர்களே அவர்களுக்கு ராணுவ மரியாதை கொடுத்து அணிவகுக்கவிட்டார்கள். கடற்கரையில் வரிசையில் நின்றவர்களுக்குக் கிடைத்த அந்தக் கூடுதல் நாட்களை வாங்கிக் கொடுத்தவர்களில் இவர்களும் உண்டு. ஒரு படத்தில் இவர்கள் வரவில்லை என்றால் பரவாயில்லை. முக்கால் நூற்றாண்டாக எந்தப் பெரிய படத்திலும் வரவில்லை என்றால், அது ஓர் இயக்குநரின் விருப்பம் என்று தள்ளிவிடக்கூடிய விஷயம் இல்லை.

அமெரிக்கப் படங்களுக்கு வந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்ட ராணுவம். பிரிவினையை ஒழிக்கும் உத்தரவில் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்துப் போட்டதே 1948 ஜூலையில்தான். கறுப்பினத்தவரில் பெரும்பாலோரைத் துப்பாக்கி பிடிக்கிற வேலைக்கு அனுப்பவில்லை. லாரி ஓட்டு, குண்டு இறக்கு, பிணம் புதை, சாலை போடு. போர்ப் படம் எடுப்பவர் கேமராவை எங்கே வைக்கிறார்? முன்வரிசைக் காலாட்படையில். அதனால் யாரும் திட்டமிட்டு ஒதுக்காமலேயே படம் முழுக்க வெள்ளை முகங்களாக வந்துவிடுகிறது. 'நான் நடந்ததைத்தான் எடுத்தேன்' என்று இயக்குநர் மனசாட்சியோடு சொல்லவும் முடிகிறது. ராணுவத்தின் பழைய ஒதுக்கலை படம் ஒரு கேள்வியும் கேட்காமல் மறுபடி அச்சடித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

2008இல் இயக்குநர்கள் ஸ்பைக் லீயும் கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் முட்டிக்கொண்டது இதில்தான். அமெரிக்கர்கள் ஜப்பானியரோடு சண்டை போட்ட இவோ ஜிமா தீவைப் பற்றி ஈஸ்ட்வுட் எடுத்த இரண்டு படங்களிலும் பேசுகிற கறுப்பினப் பாத்திரம் ஒன்றுகூட இல்லை என்றார் லீ. தீவின் மலைமேல் அமெரிக்கக் கொடியை ஏற்றிய ஆட்களைப் பற்றிய கதை இது, அதில் கறுப்பினத்தவர் இல்லையே என்றார் ஈஸ்ட்வுட். இரண்டுமே உண்மை. அந்தத் தீவில் நூற்றுக்கணக்கான கறுப்பினப் படையினர் குண்டுவீச்சுக்கு நடுவில் வெடிமருந்து சுமந்தார்கள், நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டிகளை ஓட்டினார்கள். ஆனால் அந்தத் தீவைப் பிடித்த அமெரிக்க மரைன் படையே 1942 வரை கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொண்டதில்லை. சேர்த்த பிறகும் தனிக் கம்பெனியில்தான் வைத்தது. கொடி ஏறிய மலைமேல் அவர்கள் இல்லாததற்குக் காரணம் சினிமா அல்ல. அந்தக் காரணத்தைச் சொல்ல ஒரு காட்சி வைத்திருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.

பிரான்ஸின் நார்மண்டியில் நேச நாட்டுப் படை கரையிறங்கியதற்கும் இதே கதை. 1944 ஜூன் 6 அன்று ஒமாஹா கடற்கரையில் இறங்கியவர்களில், தாழப் பறக்கும் விமானங்களைத் தடுக்கும் பலூன்களை ஏற்றுகிற 320ஆவது பட்டாலியனும் உண்டு. முழுக்கக் கறுப்பினத்தவர் கொண்ட படை. அதில் வேவர்லி உட்சன் என்ற மருத்துவ உதவியாளர், கரைக்கு வரும்போதே குண்டுச் சிதறல் பட்டவர், 30 மணி நேரம் தூங்காமல் காயம்பட்டவர்களைப் பார்த்தார். அவருக்கு ராணுவத்தின் இரண்டாவது உயரிய வீரப் பதக்கம் கிடைத்த ஆண்டு 2024. அதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார்.

பதக்கத்தை ஏன் சொல்கிறேன் என்றால், 'உண்மைச் சம்பவம்' என்று போட்டுக்கொண்டு வருகிற போர்ப் படங்களுக்குக் கதை கிடைப்பதே பதக்கப் பட்டியல்களிலிருந்தும், படைப்பிரிவின் நாட்குறிப்பிலிருந்தும், பழைய செய்திப் படச் சுருள்களிலிருந்தும்தான். இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான கறுப்பின அமெரிக்கர்கள் சேவை செய்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட நாட்டின் உச்சப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் அப்போது கொடுக்கப்படவில்லை. 1997இல்தான் ஏழு பேருக்குக் கொடுத்தார்கள். வாங்க உயிரோடு இருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவர் மட்டும். ஆவணத்தை வரிக்கு வரி பின்பற்றி எடுத்த படம் என்று பெருமைப்படும்போது, அந்த ஆவணத்தை யார், எந்த மனநிலையில் எழுதினார்கள் என்பதும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஒதுக்குவது ஒரு வகைப் பொய் என்றால், சேர்த்துக் காட்டுவதும் பொய்யாகலாம். இது புதிய கலாச்சாரம் என்று நினைப்பவர்கள் 1943இல் வந்த 'பட்டான்' படத்தைப் பார்க்க வேண்டும். பிலிப்பைன்ஸில் ஜப்பானியரைத் தடுத்து நிற்கிற சின்னக் குழு. அதில் பல இன ஆட்களும், அவர்களோடு சரிசமமாக ஒரு கறுப்பினச் சிப்பாயும். படம் ஓடிய அதே வாரத்தில் நிஜ ராணுவத்தில் அந்தச் சிப்பாய் வெள்ளையரோடு ஒரே கூடாரத்தில் படுக்க முடியாது. போர்க்காலத்தில் எல்லோரும் ஒன்றுபட்டு நிற்க வேண்டும் என்று வாஷிங்டன் விரும்பியது. ஹாலிவுட் அந்த ஒற்றுமையைத் திரையில் முன்கூட்டியே செய்து காட்டியது. கறுப்பின உரிமை அமைப்புகள் இந்தப் படத்தை வரவேற்றன. வேலைக்காரனாகவும் கோமாளியாகவும் மட்டுமே தங்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு அந்தப் பொய் இனித்ததில் தப்பு சொல்ல முடியுமா? வரலாற்றுப்படி தவறான ஒரு படம், தன் காலத்து அரசியலில் சரியான பக்கம் நின்ற விசித்திரம் அது.

அமெரிக்க விடுதலைப் போரைச் சொல்லி 2000இல் வந்த 'தி பேட்ரியட்' படத்துக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 1770களின் தென் கரோலினாவில் பெரிய பண்ணை வைத்திருக்கும் கதாநாயகனின் நிலத்தில் வேலை செய்கிற கறுப்பினத்தவர், 'நாங்கள் அடிமைகள் இல்லை, கூலிக்கு உழைக்கும் சுதந்திர மனிதர்கள்' என்கிறார்கள். அந்தப் பாத்திரத்துக்கு மாதிரியாக இருந்தவர்களில் ஒருவரான, அந்தப் போரில் அமெரிக்கப் பக்கம் படை நடத்திய பிரான்சிஸ் மேரியன் அடிமைகளை வைத்திருந்தவர். படத்தில், அமெரிக்கப் படையில் ஓராண்டு சண்டை போட்டால் விடுதலை என்று ஓர் அடிமைக்கு உறுதி சொல்கிறார்கள். நிஜத்தில் தென் கரோலினா அடிமைகளைப் படையில் சேர்க்கும் யோசனையை நிராகரித்தது. எஜமானரிடமிருந்து ஓடிவந்தால் பாதுகாப்பு என்று 1779இல் அறிவித்தது படத்தில் வில்லனாக வருகிற பிரிட்டிஷ் தரப்பு. ஆயிரக்கணக்கானோர் அந்தப் பக்கம் ஓடினார்கள். நாயகனைக் கறைபடாமல் காப்பாற்ற, சுதந்திரம் எந்தத் திசையில் இருந்தது என்பதையே மாற்றிவிட்டார்கள்.

தன்னைத் திரையிலிருந்து அழித்தால் எப்படி வலிக்கும் என்பதை பிரிட்டனும் ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 1945இல் எரோல் ஃபிளின் நடித்த ஒரு படத்தில் பர்மாவை அமெரிக்க பாராசூட் வீரர்கள் கிட்டத்தட்டத் தனியாளாக மீட்கிறார்கள். லண்டனில் கொதித்தெழுந்துவிட்டார்கள், படத்தையே அங்கே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவென்றால், பர்மாவில் சண்டை போட்ட பிரிட்டிஷ் பதினான்காம் ராணுவத்தின் பெரும்பகுதி இந்தியர்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த டிவிஷன்களும் அதில் இருந்தன. 'எங்களை மறைத்துவிட்டார்கள்' என்று லண்டன் பத்திரிகைகள் போட்ட சத்தத்தில் இவர்கள் பெயர் பெரிதாக எழவில்லை.

பர்மா என்றதும் சயாம் மரண ரயிலைத் தாண்டிப் போக முடியாது. 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' 1957இல் வந்து ஏழு ஆஸ்கார் வாங்கிய படம். அந்த ரயில்பாதை என்றாலே உலகத்துக்கு நினைவு வருவது சீட்டியடித்தபடி அணிவகுத்து வரும் பிரிட்டிஷ் போர்க்கைதிகள்தான். சயாமிலிருந்து, அதாவது தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போகும் 415 கிலோமீட்டர் பாதை அது. 1942, 43இல் ஜப்பானியர் போட்டது. அதில் வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். செத்தவர்கள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள், பர்மியர்கள், மலாய்க்காரர்கள், ஜாவாக்காரர்கள். இவர்களில் இறந்தவர்கள் 80,000, 90,000 என்றெல்லாம் மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான், ஏனென்றால் எண்ணியவர் யாரும் இல்லை.

படத்தில் இந்த மக்களின் கதை இல்லை. அதற்குப் படத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. போர்க்கைதிகள் ராணுவத்தினர், அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, தங்கள் டாக்டர்கள் இருந்தார்கள், ஒளித்து வைத்து நாட்குறிப்பு எழுதிய அதிகாரிகள் இருந்தார்கள். போர் முடிந்ததும் கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடிக்க ஓர் அமைப்பே இருந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இன்றும் அந்தக் கல்லறைகள் வரிசையாக, பெயரோடு நிற்கின்றன. தோட்டத் தொழிலாளிக்கு இதில் ஒன்றும் இல்லை. காலரா வந்தால் முகாமோடு சாவு. புதைத்த இடத்தில் அடையாளம் வைக்கவும் ஆள் மிஞ்சவில்லை. எழுத்தில் இல்லாதவர் படத்துக்கு மூலமான நாவலில் வரவில்லை. நாவலில் இல்லாதவர் படத்தில் வரவில்லை. இத்தனைக்கும் அந்தப் படத்தை எடுத்தது தாய்லாந்தில் இல்லை, இலங்கையில், கித்துல்கலையில்.

எதிராளியாக வரும்போது நிலைமை இன்னும் மோசம். சோமாலியாவில் 1993இல் அமெரிக்கப் படையினர் போட்ட சண்டையைச் சொல்லும் 'பிளாக் ஹாக் டவுன்' படத்தில் சோமாலியர்கள் கூட்டம் கூட்டமாக ஓடிவந்து சாகிறார்கள், ஒருவருக்கும் வீடு வாசல் இல்லை. படம் எடுத்தது மொராக்கோவில். மாட்டிக்கொண்ட அமெரிக்கர்களை மீட்கக் கவச வண்டிகளோடு போன மலேசியர்களும் பாகிஸ்தானியர்களும் ஏறக்குறைய ஓரத்துக்குப் போய்விட்டார்கள். மலேசியாவுக்கு அந்தக் கோபம் தீரவே இல்லை. 2023இல் தங்கள் தரப்பைச் சொல்லத் தாங்களே ஒரு படம் எடுத்தார்கள்.

பிரெஞ்சு அனுபவம் இந்த விஷயத்தில் எல்லாவற்றையும்விட வினோதமானது. அங்கே நடிகர் தேர்வை சினிமாவுக்கு முன்பு ராணுவமே செய்துவிட்டது. 1944இல் பாரிஸை மீட்கப் போகும் பிரெஞ்சுப் படை வெள்ளைப் படையாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க, பிரிட்டிஷ் தலைமை விரும்பியது. பிரெஞ்சுத் தலைவர் டி கோலின் படையிலோ பெரும்பகுதி ஆப்பிரிக்கர்கள். கடைசியில், அதிகம் வெள்ளையராக மாற்ற முடிந்த 2ஆவது கவச டிவிஷனைத் தேர்ந்தெடுத்தார்கள். கறுப்பின வீரர்களை அதிலிருந்து எடுத்துவிட்டு வேறு ஆட்களைப் போட்டு நிரப்பினார்கள். ஆக, ஆகஸ்ட் 1944 செய்திப் படச் சுருளை அப்படியே பார்த்து, அதே முகங்களோடு இன்று ஒருவர் படம் எடுத்தால், அது நூற்றுக்கு நூறு துல்லியமாக இருக்கும். அந்த முகங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது மட்டும் அதில் இருக்காது.

2006இல் வந்த 'இன்டிஜென்' படம் வட ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் நான்கு பேரை இத்தாலியிலிருந்து பிரான்ஸின் அல்சாஸ்வரை கூட்டிக்கொண்டு போகிறது. ஒரே சண்டை, ஆனால் சாப்பாட்டில், பதவி உயர்வில், விடுமுறையில் பாகுபாடு. படம் வெளியான சமயத்தில், 1959 முதல் உறைந்து கிடந்த காலனி வீரர்களின் ஓய்வூதியத்தை உயர்த்துவதாக ஜனாதிபதி சிராக் அறிவித்தார். ஒரு போர்ப் படம் இவ்வளவு நேரடியாகப் பணம் வாங்கிக் கொடுத்த சம்பவம் அபூர்வம். ஆனால் அதே இத்தாலியில், 1944 மே மாதம், பிரெஞ்சுப் படையில் இருந்த மொராக்கோ வீரர்கள் கிராமம் கிராமமாகப் பெண்களை நாசம் செய்தார்கள். சோஃபியா லாரனுக்கு ஆஸ்கார் வாங்கிக் கொடுத்த 1960 இத்தாலியப் படம் அதைத்தான் சொல்கிறது. ஒரு படத்தில் மறக்கப்பட்ட வீரர், இன்னொன்றில் முகமில்லாத அரக்கர். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. இருவரையும் ஒரே ஆளாகக் காட்டுகிற துணிச்சல் உள்ள படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

வரலாற்றுக்கு உண்மையாக இரு என்று சினிமாவிடம் சொல்லும்போது, வரலாறு ஏற்கெனவே சரியாக எழுதப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். செனகலின் தலைநகர் டக்கார் அருகே தியாரோய் என்ற ராணுவ முகாம். ஜெர்மானியரிடம் கைதியாக இருந்து திரும்பிய மேற்கு ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் தங்களுக்கு வர வேண்டிய சம்பள பாக்கியைக் கேட்டு அங்கே உட்கார்ந்தார்கள். 1944 டிசம்பர் 1 அன்று காலை பிரெஞ்சு ராணுவம் அவர்களைச் சுட்டது. கலகத்தை அடக்கினோம், செத்தவர் 35 பேர் என்றது அரசுக் கணக்கு. பல நூறு பேர் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். 1988இல் செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேனும் தியேர்னோ ஃபாட்டி சோவும் இதைப் படமாக எடுத்தார்கள். கலகம் என்று சொல்லாமல் படுகொலை என்றே காட்டினார்கள். வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. பிரான்ஸில் ஆண்டுக்கணக்கில் அந்தப் படம் திரைக்கு வரவில்லை. அன்றைய அரசு ஆவணத்தை வைத்துச் சரிபார்த்திருந்தால் அது மிகைப்படுத்திய படம்தான். 2024 நவம்பரில், அந்தச் சம்பவத்தின் 80ஆம் ஆண்டு வரும் தருணத்தில், நடந்தது படுகொலைதான் என்று பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் செனகல் ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். செத்தவர்களின் எண்ணிக்கை இன்னும் தீர்மானமாகவில்லை.